இருபது சில்லிங்கும் ஒரு பெருங்குடியும்

உடைமை மிகுந்தவன் துணிவு குறைந்தவன் என்பது உலகம் நெடுநாள் கண்டறிந்த உண்மை. இழப்பதற்கு ஏதுமில்லாத ஏழை நிமிர்ந்து நிற்கின்றான். இழப்பதற்கு ஊர்கள் பலவுடையவனோ, ஆள்வோன் எவனாயினும் அவன் வாயிலில் கைகட்டி நிற்கின்றான். நிலம் ஒருவனுக்கு வலிமை தருகின்றது என்பர். பெரும்பாலும் அது தருவது அச்சமே. வேலியின் நீளம் வளர வளர, அதனைக் காக்கும் கவலையும் வளர்கின்றது. கவலை வளர வளர, முதுகு வளைகின்றது.

இவ்வியல்புக்கு மாறாக நடந்து காட்டிய நிலக்கிழார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். சான் ஆம்ப்டன் என்பது அவர் பெயர். அரசன் கப்பல் வரியென்று கேட்ட 20 சில்லிங்கைத் தர மறுத்தவர் என்ற அளவில் அவரை வரலாறு படித்தோர் அறிவர். அம்மறுப்பை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டிவிட்டுப் போவது எளிது. அவர் குடியின் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றோடு சேர்த்து நோக்கினால்தான், ஒரு குடிக்குப் பெருமை எதனால் வருகின்றது, எதனால் போகின்றது என்பது விளங்கும். இக்கட்டுரை அதனையே ஆராய்கின்றது.

குடியும் நிலமும்

இலண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்காம் மாவட்டத்தில் சில்டர்ன் குன்றுகள் உள்ளன. அக்குன்றுகளின் மேல் அமைந்த சிற்றூர் கிரேட்டு ஆம்ப்டன். ஊர்ப்பெயரே குடிப்பெயராயிற்று. நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்பிருந்தே தாம் அங்கு வாழ்வதாக அக்குடியினர் சொல்லிக்கொண்டனர். 1595-ஐ ஒட்டிப் பிறந்த சான் ஆம்ப்டன், 1597-இல் தந்தையை இழந்தார். நடை பயிலும் அகவையிலேயே, பல ஊர்களில் பரந்து கிடந்த நிலங்களுக்கு உரியவரானார்.

தாயார் எலிசபெத், குரோம்வெல் குடியில் பிறந்தவர். பின்னாளில் இங்கிலாந்தையே ஆண்ட ஆலிவர் குரோம்வெல்லுக்கு அத்தை. ஆகவே ஆம்ப்டன் ஆலிவருக்கு அத்தை மகனாவார். அரசனின் தலை விழக் கரணியமாக இருந்த பெரும்போரின் தலைவர்கள் இருவர், ஒரே குடும்பப் பந்தியில் உட்கார்ந்து உண்ணும் உறவினராக இருந்தனர் என்பது கருதத்தக்கது.

தேம் என்னும் சிறுநகர்ப் பள்ளியிலும், ஆக்சுபோர்டிலும் பயின்ற ஆம்ப்டன், 1613-இல் இலண்டனில் சட்டம் கற்கச் சேர்ந்தார். அது வழக்காடிப் பிழைப்பதற்கன்று. நிலமுடையோர் மக்கள் தம் உடைமையைக் காத்துக்கொள்ளும் அளவுக்குச் சட்டம் அறிந்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டு வழக்கம். 1619-இல், ஆக்சுபோர்டு மாவட்டத்துப் பிர்ட்டன் என்னும் ஊரினரான எலிசபெத் சிமியன் என்னும் பெண்ணை மணந்தார். பிள்ளைகள் ஒன்பதின்மர் பிறந்தனர். 1621-இல் நாடாளுமன்றம் புகுந்தார். நெடுங்காலம் விடுபட்டுப் போயிருந்த தேர்வுரிமையை 1624-இல் மீண்டும் பெற்ற வெண்டோவர் என்னும் ஊர், அவ்வாண்டு முதல் அவரைத் தன் உறுப்பினராக அனுப்பியது.

இக்காலத்தில் அவர் தாயாருக்கு ஓர் ஆவல் இருந்தது. தம் மகன் பெருமகன் பட்டம் பெற வேண்டுமென்று அவர் விரும்பினார். அதற்குரிய வேளை இதுவே என்று உறவினர்க்கு மடலும் எழுதினார். தாயுள்ளத்தின் விருப்பம் என்று அதனை ஒதுக்கிவிடலாகாது. அந்நாளில் பட்டம் என்பது கடையில் விற்கும் பண்டமாகிவிட்டது. முதலாம் சேம்சு அரசன் 1611-இல் பாரனெட்டு என்னும் புதிய பட்டத்தைப் படைத்து, அதற்கு 1,095 பவுன் விலை வைத்தான். அதனினும் உயர்ந்த பட்டங்களுக்கு விலையும் உயர்ந்தது. ஆம்ப்டனிடம் பணமும் இருந்தது. பழங்குடி என்ற பெயரும் இருந்தது. இல்லாதது வாங்கும் விருப்பமே. இறக்கும்வரை அவர் பட்டம் ஏதுமற்ற வெறும் ஆம்ப்டனாகவே இருந்தார். தாயாரின் அவ்விருப்பம் பின்னர் எவ்வாறு நிறைவேறியது என்பதைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

மறுப்பின் விலை

1625-இல் முதலாம் சார்லசு அரியணை ஏறினான். பணமின்றி அரசு நடவாது. பணம் வேண்டுமாயின் நாடாளுமன்றம் இசைய வேண்டும். நாடாளுமன்றத்தைக் கூட்டினால் அது பணத்திற்கு முன் குறைகளைப் பேசும். இச்சிக்கலினின்று தப்ப, 1626-இல் சார்லசு நிலமுடையோரிடம் கட்டாயக் கடன் கேட்டான். கடன் என்பது பெயரளவிலேதான். திருப்பித் தரப்படும் என்று எவரும் நம்பவில்லை. மறுத்தோர் பலர் சிறையிலும் காவலிலும் வைக்கப்பட்டனர். என்ன குற்றத்திற்காகச் சிறை என்று வினவி வழக்குத் தொடுத்த ஐவரில் ஒருவர், ஆம்ப்டனின் குடியைச் சேர்ந்த எட்மண்டு ஆம்ப்டன். 1627-இல் நடந்த அவ்வழக்கில் நடுவர்கள் அவர்களை வெளிவிடவில்லை. சான் ஆம்ப்டனும் கடன் தர மறுத்தார். காவலில் வைக்கப்பட்டு, 1628 தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம், தன் இசைவின்றி வரியோ கடனோ கேட்கலாகாது என்றும், குற்றம் இன்னதெனக் கூறாது சிறைப்படுத்தலாகாது என்றும் உரிமை வேண்டுகை ஒன்றை வரைந்து, அரசனின் ஒப்புதலையும் பெற்றது.

ஒப்புதல் தந்த கை அதனைக் காப்பாற்றவில்லை. 1629 மார்ச்சு 2-ஆம் நாள், அவையை ஒத்திவைக்க வந்த அரசாணைக்கு இணங்கி எழ முயன்ற அவைத்தலைவரை, உறுப்பினர் இருவர் இருக்கையிலேயே பிடித்து அமுக்கிவைக்க, அவை தன் முடிவுகளை நிறைவேற்றியது. அதற்கு முதல்வராக நின்ற சான் எலியட்டு சிறைக்கோட்டத்தில் அடைக்கப்பட்டார். பின்னர் 11 ஆண்டுகள் நாடாளுமன்றமே கூடவில்லை.

எலியட்டு கார்ன்வால் நாட்டு நிலக்கிழார், ஆம்ப்டனின் நண்பர். வருத்தந் தெரிவித்துப் பணிந்தால் வெளிவரலாம் என்ற நிலையிலும் அவர் பணியவில்லை. தாயற்ற அவர் பிள்ளைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை ஆம்ப்டன் ஏற்றார். ஒரு மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதா, மற்றொருவனின் அடங்காமையை எவ்வாறு திருத்துவது என்றெல்லாம் சிறைக்குள்ளிருந்த தந்தைக்கு அவர் எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. எலியட்டு சிறையில் எழுதிய நூலின் படியைப் பெற்றுப் படித்துத் தம் கருத்தையும் எழுதினார். அரசியல் நட்பு என்பது மேடையில் கைகோத்து நிற்பதன்று. சிறைப்பட்டவன் வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளையாகக் கருதுவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1632 நவம்பர் 27-இல் எலியட்டு சிறையிலேயே என்புருக்கி நோயால் இறந்தார். தந்தையின் உடலைப் பிறந்த மண்ணில் புதைக்க இசைவு தருமாறு மகன் அரசனை வேண்டினான். இறந்த இடத்துக் கோயிலிலேயே புதைக்கப்படட்டும் என்று சார்லசு விடையெழுதினான். பிணத்திற்கும் மன்னிப்பில்லை. இவ்விடையைக் கேள்வியுற்றபின் ஆம்ப்டனுக்கு மறுப்பின் விலை தெரியாதென்று எவரும் சொல்லவியலாது. தெரிந்தே அவர் அடுத்த அடியை எடுத்துவைத்தார்.

கப்பல் வரி

1634 ஆகத்தில் ஆம்ப்டனின் மனைவியார் இறந்தார். கிரேட்டு ஆம்ப்டன் கோயிலில் அவர் நினைவாக ஆம்ப்டன் வைத்த கல்லெழுத்து இன்றும் உள்ளது. அவ்வாண்டிலேயே அரசன் கப்பல் வரிக்கு ஆணையிட்டான்.

போர்க்காலத்தில் கடற்கரை ஊர்கள் அரசனுக்குக் கப்பல் தருவது பழைய வழக்கம். சார்லசு 1634-இல் போரில்லாத காலத்தில் அதனைக் கேட்டான். 1635-இல் கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அதனை விரித்தான். பக்கிங்காம் மாவட்டம் 450 டன் எடையுள்ள கப்பல் ஒன்றை, 180 ஆட்களுடனும் படைக்கலன்களுடனும் தர வேண்டும் என்று 1635 ஆகத்து 4-ஆம் நாளிட்ட ஆணை கூறியது. குன்றும் வயலும் சூழ்ந்த மாவட்டம் கப்பலுக்கு எங்கே போகும்? கப்பலுக்கு மாற்றாக 4,500 பவுன் தந்தாற் போதும் என்பதே அதன் பொருள். நாடு முழுவதும் கேட்ட தொகை ஏறத்தாழ 2 இலக்கம் பவுன். அடுத்த ஆண்டும் கேட்டான். அதற்கடுத்த ஆண்டும் கேட்டான். இடர்க்காலக் கொடை என்று தொடங்கியது ஆண்டு வரியாக வேர்விட்டது.

1636 தொடக்கத்தில் கிரேட்டு கிம்பிள் என்னும் சிற்றூர்க் கோயிலில் ஊரார் கூடினர். வரி தர மறுத்தோரின் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டது. பட்டியலின் தலையில் நின்ற பெயர் சான் ஆம்ப்டன். அவ்வூரில் அவர்க்கு வைத்த வரி 1 பவுன் 11 சில்லிங் 6 பென்சு. அவர் பெயரின்கீழ், சில சில்லிங்குகளும் சில பென்சுகளும் வரியாகக் குறிக்கப்பட்ட எளிய உழவர்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. வரியை மதிப்பிட்டுத் தண்ட வேண்டிய ஊர் அலுவலர்களே தங்கள் பெயரையும் மறுத்தோர் வரிசையில் எழுதிக்கொடுத்தனர். பட்டியலை மேலே அனுப்பியவர்களும் அவர்களே!

அரசு, ஆம்ப்டன் மீது வழக்காடத் தேர்ந்தது வேறோர் ஊர்க் கணக்கை. சுடோக்கு மாண்டவில் என்னும் ஊரில் அவர் நிலத்திற்கு வைத்த 20 சில்லிங்கே வழக்குப்பொருள் ஆயிற்று. 1637 நவம்பர், திசம்பர்த் திங்கள்களில் நடுவர் பன்னிருவர் முன்னிலையில் வழக்காடப்பட்டது.

ஆம்ப்டனின் சார்பில் ஆலிவர் செயிண்டு சானும் இராபர்ட்டு ஓல்போர்னும் வழக்காடினர். செயிண்டு சானின் உரை கூர்மையானது. நாட்டைக் காக்கும் கடமை அரசனுடையதே என்பதை அவர் மறுக்கவில்லை. இடர் வந்தால் அரசன் செயற்பட வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், ஆகத்தில் ஆணையிட்டு மார்ச்சில் கப்பல் வேண்டும் என்கின்றீர்களே, இடையில் ஏழு திங்கள் உள்ளனவே, நாடாளுமன்றத்தைக் கூட்ட நாற்பது நாள் போதுமே என்று வினவினார். பகைவன் வாயிலில் நிற்கின்றான் என்பது உண்மையாயின் ஏழு திங்கள் தவணை எதற்கு? ஏழு திங்கள் தவணை உண்டாயின், நாட்டு மக்களின் பேராளரைக் கேளாமல் விட்டது எதற்கு? இவ்வினாவுக்கு அரசின் வழக்கறிஞர்கள் நேரிய விடை கூறவில்லை.

அந்நடுவர்கள் அரசன் விரும்பும்வரையே இருக்கையில் இருக்கக் கூடியவர்கள். தலைமை நடுவர் ஒருவரை 1634-இல்தான் அரசன் நீக்கியிருந்தான். வழக்குத் தொடங்குமுன்னரே, 1637 பிப்ரவரியில், அவர்கள் பன்னிருவரும் அரசன் கேட்ட வினாவுக்கு அவன் விரும்பிய விடையை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் சார்ச்சு குரோக்கு என்னும் முதியவர். அவரும் அரசன் பக்கமே தீர்ப்புரைக்க முனைந்திருந்தார் என்றும், அவர் மனைவியார், தமக்கும் பிள்ளைகளுக்கும் வறுமையே வந்தாலும் வரட்டும், மனச்சான்றுக்கு மாறாக எதுவும் சொல்லாதீர் என்று கூறி அவரை மாற்றினார் என்றும் அக்காலத்து வழக்கறிஞர் ஒயிட்டுலாக்கு எழுதி வைத்துள்ளார். குரோக்கு ஆம்ப்டன் பக்கம் தீர்ப்புரைத்தார். அட்டன் என்னும் நடுவரும் அவ்வாறே உரைத்தார். மற்றொரு புறம், பெர்க்கிலி என்னும் நடுவர் அரசனே சட்டம் என்னும் பொருள்படப் பேசினார். 1638-இல் முடிவு வந்தது: அரசன் பக்கம் எழுவர், ஆம்ப்டன் பக்கம் ஐவர்.

ஆம்ப்டன் தோற்றார். தோற்றது வழக்கு, வென்றது கருத்து. பன்னிருவரும் தன் பக்கம் என்று அரசன் எண்ணியிருந்த இடத்தில் ஐவர் விலகி நின்றனர் என்ற செய்தி ஊர்தோறும் பரவியது. அரசன் கையாளான வென்ட்டுவொர்த்து, ஆம்ப்டனைப் பிரம்பால் அடித்துத் திருத்த வேண்டும் என்று சினந்து எழுதினான். 1639-இல் கேட்ட கப்பல் வரியில் பெரும்பகுதி வந்து சேரவேயில்லை. 1641-இல் நாடாளுமன்றம் அவ்வரியும் அத்தீர்ப்பும் சட்டத்திற்கு மாறானவை என்று சட்டம் இயற்றியது.

இரு எதிருரைகள்

இங்கு இரண்டு எதிருரைகள் எழும். முதலாவது: இது பணக்காரன் ஒருவனின் கருமித்தனம், கொள்கை என்பது அதற்கிட்ட போர்வை. இதனைக் கணக்கே மறுக்கும். 20 சில்லிங் ஒரு பவுன். ஆம்ப்டனின் நில வருவாய்க்கு முன் அது தூசு. அதற்காக அவர் வழக்குக்குச் செலவிட்டது அதனினும் பன்மடங்கு. எலியட்டின் முடிவைக் கண்ணாரக் கண்டபின் அவர் பணயம் வைத்தது காசையன்று. உயிரையும் ஒன்பது பிள்ளைகளின் வாழ்வையுமே. கருமி எவனும் ஒரு பவுனைக் காக்க ஊர்களைப் பணயம் வையான்.

இரண்டாவது எதிருரை வலிமையுடையது. கடற்படை தேவையாகத்தானே இருந்தது? வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரை மக்களைப் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்றனர். 1631-இல் அயர்லாந்தின் பால்ட்டிமோர் என்னும் ஊரையே சூறையாடினர். தண்டிய வரி கப்பலுக்கே செலவாயிற்று. அரசன் அதனைக் களியாட்டத்தில் அழிக்கவில்லை. அவ்வாறாயின் நல்ல செலவுக்குக் கேட்ட வரியை மறுப்பது முறையோ?

முறையே. செலவு நல்லதா என்பது ஒரு வினா. கேட்கும் உரிமை எவனுக்கு என்பது வேறொரு வினா. முதல் வினாவுக்கு நல்ல விடை கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாம் வினாவை விட்டுக்கொடுத்தவன், பின்னர் முதல் வினாவைக் கேட்கும் உரிமையையும் இழப்பான். இன்று நற்செயலுக்குக் கேளாமல் எடுப்பவன், நாளை தீச்செயலுக்கும் கேளாமலே எடுப்பான். அன்று தடுக்கப் போனால், முன்னர் வாய் திறவாதவன் இன்று ஏன் திறக்கின்றாய் என்பான். ஆம்ப்டன் மறுத்தது கப்பலையன்று, கேளாமையை. தொகை சிறியதாயிருந்ததே அவ்வழக்கின் சிறப்பு. பெருந்தொகையை மறுப்பவனின் நோக்கத்தில் ஐயம் எழும். ஒரு பவுனை மறுப்பவன் நோக்கத்தில் கொள்கையன்றி வேறென்ன இருக்கவியலும்?

போரும் சாவும்

1640 நவம்பரில் கூடிய நாடாளுமன்றத்தில் ஆம்ப்டனைப் போல் மதிக்கப்பட்டவர் சிலரே. எதிர்ப்பக்கம் நின்று அவரை வெறுத்த கிளாரண்டன் பெருமகனே, அவ்வழக்கின்போது ஆம்ப்டன் காட்டிய அடக்கத்தையும், எவரையும் புண்படுத்தாது தம் வழிக்குக் கொணரும் அவர் பேச்சுத்திறனையும் எழுதி வைத்துள்ளார். 1641 நவம்பரில், அரசன் மீதான குறைகளின் நெடும்பட்டியல் 159-க்கு 148 என்ற அளவில் நிறைவேறிய நள்ளிரவில், உறுப்பினர்கள் வாளில் கைவைத்தபோது அவையை அமைதிப்படுத்தியவரும் ஆம்ப்டனே.

1642 சனவரி 4-இல் அரசன் படைவீரர்களோடு அவைக்குள்ளேயே வந்தான். ஐவரைச் சிறைப்பிடிக்க வந்தான். பிம், ஆம்ப்டன், ஓல்சு, ஏசல்ரிக்கு, சுட்ரோடு என்பார் அவ்வைவர். அவர்கள் முன்னரே வெளியேறியிருந்தனர். செய்தி கேட்ட பக்கிங்காம் மாவட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் குதிரையேறி இலண்டனுக்கு வந்தனர். கிரேட்டு கிம்பிள் கோயிலில் தன் பெயரை முதலில் எழுதியவனைக் காக்க, அவன் மாவட்டமே எழுந்து வந்தது.

அவ்வாண்டு ஆகத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆம்ப்டன் தம் மாவட்டத்தில் பச்சைச் சட்டை அணிந்த படை ஒன்றைத் திரட்டினார். 1643 சூன் 18-இல், சால்குரோவ் வயலில் நடந்த சிறுபோரில் தோளில் காயம்பட்டார். குதிரை மீதமர்ந்தே தேம் நகரை அடைந்தார். சிறுவனாகப் பள்ளியில் படித்த அந்நகரிலேயே ஆறு நாள் துன்புற்று, சூன் 24-இல் உயிர்நீத்தார். மனைவிக்குக் கல்லெழுத்து அமைத்த அந்தக் கோயிலிலேயே புதைக்கப்பட்டார்.

மறைக்கக் கூடாத குறை

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைத்தல் தகாது. 1641-இல் அயர்லாந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்கும் படைக்குப் பணம் தருவோருக்கு, கிளர்ந்தவர்களிடமிருந்து பறிக்கப்படும் நிலத்தில் பங்கு தருவதாக 1642-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதற்கென ஒதுக்கிய நிலம் 25 இலக்கம் ஏக்கர். அப்பணம் தந்தோர் வரிசையில் ஆம்ப்டனும் நின்றார். தம் இசைவின்றித் தம் ஒரு பவுனைத் தொடலாகாது என்று வழக்காடியவர், ஐரிசுக்காரரின் இசைவின்றி அவர் மண்ணையே பங்கிடும் திட்டத்தில் முதல் போட்டார்! கடலின் ஒரு கரையில் உரிமை, மறுகரையில் கொள்ளை.

உள்நாட்டிலும் அவர் கண்ட நாடு என்பது நிலமுடையோரின் நாடே. ஊர்ப்புற மாவட்டத்தில் ஆண்டுக்கு 40 சில்லிங் வருவாய் தரும் சொந்த நிலமுடையவனுக்கே தேர்வுரிமை இருந்தது. 1647-இல், பட்டினி என்னும் ஊரில் கூடிய நாடாளுமன்றப் படையினர், இங்கிலாந்தின் மிக ஏழ்மையானவனுக்கும் தன்னை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமென்று வழக்காடினர். ஆம்ப்டன் அன்று உயிரோடிருந்தால் எப்பக்கம் நின்றிருப்பாரோ? ஆனால் ஒன்று உறுதி. கேட்காமல் எடுக்காதே என்று அவர் மூட்டிய வினாவைத்தான், என்னையும் கேள் என்று அவ்வீரர்கள் வளர்த்தனர். கொள்கை அதனைச் சொன்னவனிலும் பெரியது. சொன்னவன் நின்ற எல்லையில் அது நின்றுவிடுவதில்லை. அவன் குறையைக் காட்டி அக்கொள்கையைப் பழிப்பதும் தவறு. அக்கொள்கையைக் காட்டி அவன் குறையை மறைப்பதும் தவறு.

கால்வழியினர்

குடியின் பிற்கால வரலாறு இவ்வுண்மையையே வேறு வகையில் கூறுகின்றது. மகன் இரிச்சர்டு ஆம்ப்டன், இரண்டாம் சேம்சு நாட்டைவிட்டு ஓடியபின், அரியணை வெறுமையாயிற்று என முடிவு செய்த 1689-ஆம் ஆண்டு அவைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1690 முதல் 1694 வரை நாட்டின் நிதித்துறைத் தலைவராக இருந்தார். தந்தையின் வழக்குக்கு மகன் வாழ்நாளில் மறுதீர்ப்புக் கிடைத்தது எனலாம்.

பேரன் சான் ஆம்ப்டன், அரசனுக்கு எதிரான சூழ்ச்சியில் பங்குகொண்டதாக 1683-இல் சிறைப்பட்டார். 1684-இல் அவர்க்கு விதித்த தண்டம் 40,000 பவுன். பாட்டனாரிடம் கேட்டது ஒரு பவுன். பேரனிடம் கேட்டது நாற்பதாயிரம்! பின்னர் அவர்மீது அரசப்பகைக் குற்றம் சாற்றப்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிர் தப்பினார். அவ்வொப்புதலின் வெட்கம் அவரை விட்டு நீங்கவில்லை. 1696-இல் தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். பாட்டனார் பெயரைச் சுமப்பது எத்துணைக் கொடிய சுமையாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கொள்ளுப் பேரன் இரிச்சர்டு, 1718-இல் கடற்படையின் பொருட்காப்பாளர் ஆனார். தென்கடல் வணிகக் குழுவின் பங்குகள் மேலேறிய காலம் அது. தம் பொறுப்பிலிருந்த கடற்படைப் பணத்தை அவர் அப்பங்குகளில் போட்டார். 1720-இல் அக்குமிழி உடைந்தது. கணக்கில் குறைந்த தொகை 73,000 பவுனுக்கும் மேல். அதனை ஈடுசெய்யக் குடியின் நிலங்கள் விற்கப்பட்டன. எண்ணிப் பார்மின்! கடற்படைக்கென்று முறையின்றிக் கேட்ட ஒரு பவுனைத் தர மறுத்தவர் முன்னோர். கடற்படைக்கென்று முறையாகத் தண்டிய பணத்தைத் தொலைத்தவர் பின்னோர். இருவர்க்கும் ஒரே குருதி, ஒரே பெயர், ஒரே ஊர். குருதி எதனைக் காத்தது? பெயர் எதனைத் தடுத்தது?

1754-இல் ஆண்வழி அற்றது. எஞ்சிய நிலமும் பெயரும், ஆம்ப்டனின் மகள் உரூத்தின் வழிவந்த இராபர்ட்டு திரேவருக்குச் சென்றன. அவர் ஆம்ப்டன் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார். 1776-இல் அவர்க்கு விக்கவுண்டு ஆம்ப்டன் என்னும் பெருமகன் பட்டம் அளிக்கப்பட்டது. மகனுக்காகத் தாயார் ஏங்கிய அப்பட்டம், ஒன்றரை நூற்றாண்டு கழித்து அக்குடியின் வாயிலுக்கு வந்தது. அப்பட்டம் பெற்றவரின் பெயரை இன்று எத்துணைப் பேர் அறிவர்? பட்டமில்லாத நிலக்கிழாருக்கோ, சால்குரோவ் வயலருகே 1843-இல் நினைவுத்தூண் எழுந்தது. எய்ல்சுபரி நகரின் அங்காடித் திடலில் 1912-இல் சிலை நின்றது.

நிலம் விற்றுப் போகும். பட்டம் கைமாறிப் போகும். ஆண்வழியும் அற்றுப் போகும். ஆம்ப்டன் குடியில் இம்மூன்றும் நிகழ்ந்தன. எஞ்சியது அம்மறுப்பு ஒன்றே. அதுவும் அவர் ஒருவர்க்கே உரியதன்று. கிரேட்டு கிம்பிள் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே நின்ற உழவர்களுக்கு ஊர்கள் பல இல்லை, வழக்கறிஞர் இல்லை, நாடாளுமன்ற நண்பர் இல்லை. சில பென்சுகளை மறுத்ததற்காக மாட்டையும் கலத்தையும் அலுவலர் பறித்துச் சென்றால் அவர்களால் தடுக்கவியலாது. எனினும் அவர்கள் எழுதினர். உடைமையுள்ளவன் தன் பெயரை முதலில் எழுதியமையால், உடைமையற்றவன் தன் பெயரை அடுத்து எழுதத் துணிந்தான். உடைமையற்றவர்கள் உடன் எழுதியமையால், உடைமையுள்ளவனின் மறுப்பு ஒருவனின் பிணக்காக முடியாமல் ஒரு நாட்டின் வழக்காயிற்று. பெருங்குடி என்று ஒன்றை அழைக்க வேண்டுமாயின், குருதியால் இணைந்த ஆம்ப்டன் மரபினும், அவ்வொரு தாளில் பெயரெழுதி நின்றவர்களையே அவ்வாறு அழைத்தல் தகும்.